ஒரு படத்துக்கு ஒரு செபமாலை

ஒக்டோபர் எங்களுக்குச் செபமாலை மாதம். என் மகளுக்கு அது பேய்ப்பட மாதம்.

இந்தச் சிறிய நகரத்திலும் சுற்றியுள்ள ஊர்களிலுமாக எங்கள் கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்கள் பதினொன்று இருக்கின்றன. மாதாவின் சுரூபம் ஒரு வீட்டில் ஒரு கிழமை இருந்து, அடுத்த ஞாயிறு அடுத்த வீட்டுக்குப் போகும். பதினொரு வீட்டுக்கும் ஒரு மாதம் போதாது என்பதால் செப்டெம்பரில் தொடங்கி நவம்பர்வரை இழுபடும். ஆனாலும் ஒக்டோபரில் மாதாவை வைத்திருக்கிற வீட்டுக்கு ஒரு தனி மதிப்பு. போன வருடம் ஒக்டோபரின் மூன்றாம் ஞாயிறு எங்களுக்கு விழுந்தது.

அதற்கு முந்திய வருடம் மாதா எங்கள் வீட்டில் இருந்தபோது மகள் வரவில்லை. எல்லோரும் கேட்டார்கள். "வேலை" என்று சொன்னேன். அவள் ஹனோவரில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள், மூக்குக்கண்ணாடி விற்கிற கடை. ஞாயிற்றுக்கிழமை இந்த நாட்டில் அந்தக் கடை பூட்டு என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நான் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர்கள் கேட்காமல் விட்டதுதான் எனக்கு மாதக்கணக்காக நெஞ்சில் கிடந்தது.

பிள்ளை கோயிலுக்குப் போகிறாளா, செபிக்கிறாளா என்று நான் அவளிடம் நேரே கேட்டதில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாள் என்ற பயம்.

இந்த நிலையில் செப்டெம்பர் முடிகிற நேரம் ஒருநாள் தொலைபேசி எடுத்தாள். பதினாறு வயதிலிருந்து அவளுக்கு ஒரு பழக்கம். ஹலோவீன் வருகிற மாதத்தில் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு பழைய பேய்ப்படம் பார்ப்பாள். எல்லோருக்கும் தெரிந்த படங்கள் அல்ல. பழைய சாமான் சந்தையில் பெட்டிக்குள் கிடக்கிற, அட்டையின் எழுத்து அழிந்துபோன வீடியோ கசெட்டுகள். அதற்கென்றே ஒரு பழைய வீடியோ மெஷினும் வாங்கி எங்கள் வீட்டில் வைத்திருந்தாள். கூட இருந்து பார்க்கிற சிநேகிதி அந்த வருடம் வேலை கிடைத்து மியூனிக்குக்குப் போய்விட்டாள்.

"அம்மா, இந்த முறை நீங்க என்னோட இருந்து பாருங்கோ."

"பேய்ப்படமோ? எனக்கு ஏலாது பிள்ளை."

"தனியப் பாத்தா நல்லாயிருக்காது. பயப்பிட ஒரு ஆள் பக்கத்தில வேணும்."

"உனக்குப் பயமெண்டு நான் வந்து குந்தியிருக்கவோ?"

"எனக்கெங்க பயம்? நீங்கதான் அந்த ஆள்."

சிரித்தேன். சிரித்தபடியே எனக்கு ஒரு யோசனை வந்தது. அதை யோசனை என்று சொல்வதைவிட வியாபாரப் புத்தி என்று சொல்வதுதான் சரி.

"சரி. ஒரு படத்துக்கு ஒரு செபமாலை. நான் உன்னோட படம் பாக்கிறன். நீ என்னோட செபமாலை சொல்லு. கடைசி ஞாயிறு மாதா எங்கட வீட்டிலயிருந்து வெளிக்கிடுவா. அண்டைக்கு எல்லாரும் வருவினம். அதிலயும் நீ இருக்கவேணும்."

மறுமுனையில் நாள்காட்டி புரட்டுகிற சத்தம் கேட்டது.

"ஓம்," என்றாள். "கண்ணை மூடினா கணக்கில்லை."

என் கணவர் பாண் தொழிற்சாலையில் முறைவேலை செய்கிறவர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இஞ்சேரும், தாயும் மகளுமாச் சேந்து பிசாசுக்கு நேர்த்தி வைச்சிருக்கிறியள்," என்றார். பகிடியாகத்தான் சொன்னார். நான் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன்.

முதலாம் ஞாயிறு அவள் மத்தியான ரயிலில் வந்தாள். சாப்பிட்டு முடிய, பட்டப்பகலிலேயே சன்னல்களுக்கு வெளியே இருக்கிற ரோல்லாடனை ஒவ்வொன்றாக இறக்கினாள். கடகடவென்று பலகைகள் விழுந்து கீழ்விளிம்பில் முட்டியதும் வீட்டுக்குள் இருட்டு. வெளியே வெயில் எறித்துக்கொண்டிருக்கிறது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் என் உடம்பு நம்பவில்லை.

படம் கறுப்புவெள்ளை. எந்த நாட்டுப் படம் என்றுகூட எனக்கு விளங்கவில்லை. ஒரு பழைய மா அரைக்கிற ஆலை. வேலைக்கு வந்த மனிதன் மாச்சாக்குகளை அடுக்குகிறான். அடுக்கிவிட்டுத் திரும்பிப் போகிறான். கமரா அவனோடு போகவில்லை. சாக்குகளையே பார்த்துக்கொண்டு நிற்கிறது. ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பிறகு நடுவிலே இருக்கிற ஒரு சாக்கு மெதுவாக மூச்சு விடுகிறது.

நான் கண்ணை மூடினேன். உடனே படம் நின்றது.

"அம்மா."

"மூடேல்லை. தூசி."

"ரெண்டு கண்ணிலயுமோ?"

திரும்பவும் ஓடவிட்டாள். நான் சேலை நுனியைக் கையில் சுற்றிக்கொண்டு இருந்தேன். இந்தப் பழைய படங்களில் கெட்ட காரியம் என்னவென்றால், அவை உங்களைப் பயப்படுத்த அவசரப்படுவதில்லை. இரத்தமில்லை, கத்தலில்லை. ஒரு கதவு, ஒரு படி, ஒரு சாக்கு. அவ்வளவையும் காட்டிவிட்டு மிச்சத்தை உங்களைக்கொண்டே நினைக்கவைத்துவிடும்.

"ஏன் பிள்ளை ஒருத்தரும் கேள்விப்படாத படமாத் தேடுறாய்?"

"தெரிஞ்ச படமெண்டா எந்த இடத்தில பயப்பிடவேணும் எண்டு முதலே தெரிஞ்சிடும் அம்மா. இது அப்பிடியில்லை."

படம் முடிய ரோல்லாடனை உயர்த்தி, மெழுகுதிரி கொளுத்திச் செபமாலைக்கு இருந்தோம். நான் முன்பாதி சொல்ல அவள் பின்பாதி சொன்னாள். ஒரு பிழையில்லை. சின்னதில் முதல்நன்மை வாங்கப் படித்ததெல்லாம் அப்படியே இருக்கிறது. சந்தோசப்பட்டிருக்க வேண்டும். ஆனால் மூன்றாம் தேவ இரகசியத்தில் நான் அவள் முகத்தைப் பார்த்தேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்று நூறாவது ஆளுக்கு விலை சொல்கிற முகம் எப்படியிருக்குமோ, அப்படியிருந்தது. வாய் சொல்கிறது, ஆள் அங்கே இல்லை. அந்த மனிதனுடைய சாக்கைவிட எனக்கு அது பெரிய பயமாக இருந்தது. நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டேன்.

இரண்டாம் ஞாயிறு, வாடகைக்கு அறை எடுக்கிற ஒரு பெண்ணின் கதை. அறையின் சுவரொட்டித்தாளில் பூக்கள். ஒவ்வொரு நாளும் ஒரு பூ குறைகிறது. அதை அவள் கவனிப்பதில்லை, நாங்கள்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அன்றிரவு நான் என் வீட்டுத் திரைச்சேலையில் உள்ள கோடுகளை எண்ணினேன்.

மூன்றாம் படம்தான் என்னை ஆளையே விழுத்தியது. அது இந்த நாட்டிலேயே தொலைக்காட்சிக்கென்று எடுத்த பழைய படம். எங்களுடையதைப்போலவே ஒரு தொடர்மாடிக் கட்டடம். கட்டடத்துக்குக் கீழே எங்களுடையதைப்போலவே ஒரு கெல்லர், குடித்தனத்துக்கு ஒன்றாகப் பலகைச் சட்டம் அடித்த சின்னச் சின்ன அடைப்புகள், கதவில் இலக்கம். ஒரு மனிதர் உருளைக்கிழங்கு எடுக்கப் போகிறார். கட்டடத்தில் பன்னிரண்டு குடித்தனம். கெல்லரில் பதின்மூன்று அடைப்பு. பதின்மூன்றாவதுக்குள் ஒருவருமில்லை, ஒரு கதிரை மட்டும். அடுத்தமுறை போகும்போது கதிரை மற்றப் பக்கம் திரும்பியிருக்கிறது.

எங்கள் உடுப்புத் தோய்க்கிற மெஷின் கெல்லரில்தான் இருக்கிறது. நான் வேலை செய்வதும் முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில், அதுவும் நிலத்துக்குக் கீழே. அந்தக் கிழமை முழுக்க இரண்டு இடத்திலும் நான் பாடிக்கொண்டே வேலை செய்தேன். என்னோடு வேலை செய்கிற போலந்துப் பெண் எனக்குச் சம்பளம் கூட்டிவிட்டார்களா என்று கேட்டாள். வீட்டுக் கெல்லரில் விளக்கு மூன்று நிமிடத்தில் தானாக அணைந்துவிடும். அணையமுன்னம் ஓடிவர வேண்டுமென்று ஈர உடுப்பை அள்ளிக்கொண்டு வந்து ஒரு காலுறையை விட்டுவிட்டேன். அதை எடுக்க நான் போகவில்லை. கணவர் எடுத்துக்கொண்டு வந்து, "கதிரையில இருந்தவர் தந்துவிட்டவர்," என்று கையில் தந்தார்.

அந்த மூன்றாம் ஞாயிறு பின்னேரம் மாதா எங்கள் வீட்டுக்கு வந்தா. மகள் அதற்கு முன்னமே செபமாலையை முடித்துவிட்டு ரயிலுக்குப் போய்விட்டாள். சுரூபம் ஒரு மூன்றடி உயரம். யாரோ பக்தியுள்ளவர் முடியைச் சுற்றிச் சின்ன மின்குமிழ்கள் பொருத்தி, பின்னால் பற்றரி வைத்திருக்கிறார். எங்கள் வீட்டில் அந்த உயரத்துக்கு இடம் வரவேற்பறை மூலையில்தான் இருந்தது, தொலைக்காட்சிக்குப் பக்கத்தில். உயரமான பூச்சாடி மேசையொன்றில் வெள்ளை விரித்து வைத்தோம். ஒரு கிழமையாக அந்த அறையில் நாங்கள் செய்தி கூடப் பார்க்கவில்லை.

கடைசி ஞாயிறு வந்தது. மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைக்கிற நாள். கணவருக்குப் பின்னேர முறை, ஒரு மணிக்கே போய்விட்டார். ஐந்து மணிக்கு எல்லோரும் வருவார்கள். மகள் இரண்டு மணிக்கு வந்து, பையிலிருந்து கசெட்டை எடுத்தாள்.

"பிள்ளை, இண்டைக்கு வேண்டாம். மாதா இருக்கிறா."

"அப்ப செபமாலையும் இல்லை. ஒண்டுக்கு ஒண்டு எண்டு நீங்கதானே சொன்னனீங்கள்."

அவள் விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் பின்னேரம் ஐந்து மணிக்கு அந்த அறையில் அவள் முழங்காலில் இருக்க வேண்டும், எல்லோரும் அதைப் பார்க்க வேண்டும் என்பதை விட என் தலைக்குள் அப்போது வேறொன்றும் இல்லை. சரி என்றேன். அவள் சோளப்பொரி பொரிக்கக் குசினிக்குப் போனாள்.

நான் மாதாவைப் பார்த்தேன். மாதா தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறா. இந்தக் கண்றாவியை எப்படி அவவுக்குக் காட்டுவது? சுரூபத்தைச் சுவர்ப்பக்கம் திருப்ப மனம் வரவில்லை, தண்டனை கொடுத்ததுபோல இருக்கும். பாடுகளின் காலத்தில் கோயிலில் சுரூபங்களை ஊதாச் சீலையால் மூடிவிடுவார்கள் அல்லவா, அந்த ஞாபகம் வந்தது. அது மரியாதை. ஊதாச் சீலைக்கு எங்கே போவது? பெட்டகத்திலிருந்து தோய்த்து மடித்த வெள்ளைக் கட்டில்விரிப்பொன்றை எடுத்து, மாதாவிடம் மன்னிப்புக் கேட்டு, தலையிலிருந்து கீழ்வரை மூடினேன். பிறகு, மூன்று ஞாயிறும் பார்த்துப் பழகினபடியால் ரோல்லாடன்களையும் நானே இறக்கி, தொலைக்காட்சியையும் போட்டுவிட்டு, சோபாவில் போய் இப்போதே கண்ணை மூடிக்கொண்டு இருந்தேன். முடியின் மின்குமிழ்களை அணைக்க நான் நினைக்கவேயில்லை. பகல் வெளிச்சத்தில் அது எரிவது தெரியவில்லை.

மகள் சோளப்பொரிக் கிண்ணத்தோடு வாசலில் வந்து நின்றாள்.

பயந்த ஆட்கள் கத்துவதெல்லாம் படத்தில்தான். அவள் கத்தவில்லை. கிண்ணம் விழுந்த சத்தம் கேட்டது. நான் திரும்பினேன். தொலைக்காட்சியின் நீல வெளிச்சத்தில் அவள் முகம் மட்டும் தெரிந்தது, வாய் திறந்தபடி, மூச்சு உள்ளேயும் போகாமல் வெளியேயும் வராமல். அவள் பார்த்த பக்கம் நானும் பார்த்தேன். மூலையில் ஒரு வெள்ளை உருவம், ஆள் உயரத்துக்கு மேல். முகமில்லை. தலை இருக்கவேண்டிய இடம் உள்ளேயிருந்து மங்கலாக எரிகிறது. அதை ஐந்து நிமிடத்துக்குமுன் மூடியவள் நான். எனக்கே அந்த ஒரு கணம் அது மாதா என்று தெரியவில்லை.

மகள் கதவு நிலையைப் பிடித்தபடி அப்படியே சறுக்கி நிலத்தில் இருந்தாள். அவளுடைய வலது கை நெற்றிக்குப் போனது. நெற்றியிலிருந்து நெஞ்சுக்கு இறங்கி அங்கே நின்றுவிட்டது. சிலுவை அடையாளத்தின் பாதி.

"அம்மா," என்றாள். சின்னதில் காய்ச்சலுக்குள் கூப்பிடுகிற குரல்.

ஓடிப்போய் விளக்கைப் போட்டேன். விரிப்பை இழுத்தேன். "மாதா பிள்ளை, மாதாதான், நான்தான் மூடினனான்."

"ஏன் மூடினனீங்கள்?"

"அவ இந்தப் படத்தைப் பாக்கக்கூடாதெண்டு."

அவள் என்னைப் பார்த்தாள். சிரிக்கத் தொடங்கி, நடுவிலே அது அழுகையாக மாறியது. சோளப்பொரி மேலேயே நானும் அவளுக்குப் பக்கத்தில் இருந்தேன். கை குளிர்ந்துபோயிருந்தது. தேய்த்துவிட்டேன். எனக்குள்ளே வெட்கம்கெட்ட ஒரு குரல், பார்த்தாயா, கை நெற்றிக்குப் போனதே, பிள்ளை இன்னும் உன்னுடைய பிள்ளைதான் என்று துள்ளியது. அதைத்தான் நான் வாய்விட்டுச் சொல்லப்போனேன். அவள் முந்திவிட்டாள்.

"அது பழக்கம் அம்மா. கை தானாப் போகுது. அதை வைச்சு ஒண்டும் நினைக்காதேங்கோ."

நான் அவள் மடியில் கிடந்த பொரியைத் தட்டிவிட்டேன்.

"நான் செபமாலையில வாயை மட்டும்தான் அசைக்கிறன்."

"தெரியும்."

"எப்பயிருந்து?"

"முதல் ஞாயிறு."

"தெரிஞ்சும் ஏன் கேக்கேல்லை?"

"கேட்டா நீ சொல்லிப்போடுவாயெண்டு."

அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு நம்பிக்கை இல்லை அம்மா. மூண்டு வருசமாச்சு. கோவத்தில இல்லை, ஒருத்தரும் சொல்லித்தந்தும் இல்லை. ஒருநாள் பாத்தன், இல்லை. உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறதெண்டு இருந்தனான். இந்தப் படமெல்லாம் எனக்கு ஒரு பயமுமில்லை. நீங்க அழுவீங்களெண்டதுதான் பயம்."

நான் அழவில்லை. அழுதிருந்தால் சுகமாக இருந்திருக்கும். மூன்று கிழமையாக இருட்டுக்குள் இருந்து, சாக்கையும் பூவையும் கதிரையையும் பார்த்துப் பயந்து, நான் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்த சங்கதி இப்போது மின்விளக்கு வெளிச்சத்தில், என் மகளின் வாயால், அமைதியாக வந்துவிட்டது. என் பிள்ளையின் ஆன்மா என்னாகும்? நான் செத்தபிறகு அவளை எங்கே காண்பேன்? இதைப் படிக்கிறவர்களுக்கு இது சிறிய விஷயமாக இருக்கலாம். எனக்கு அப்போது காதுக்குள் இரைந்தது.

அதோடு இன்னொன்றும் விளங்கியது. மாதாவுக்குச் செய்கிற செபத்தை நான் கடைச்சாமான்போலப் பண்டமாற்றுச் செய்திருக்கிறேன். அதுவும் நாலு சனத்தின் வாயை அடைக்க.

"ஐஞ்சு மணிக்கு நீ இருக்கவேண்டாம்," என்றேன். "உன்ர அறையில இரு."

"பேச்சு மாறக்கூடாதம்மா. நான் இருக்கிறன்."

"வேண்டாம். இல்லாததை இருக்கிற மாதிரி மாதாவுக்கு முன்னால செய்யவேண்டாம். அதை நான்தான் உன்னைக்கொண்டு செய்விச்சனான்."

அவள் எழும்பி அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

ஐந்து மணிக்குள் வெளியே இருண்டுவிட்டது. ஆட்கள் வந்தார்கள். சப்பாத்துகள் வாசலில் நிரம்பின. எங்களுக்குள் வயதில் மூத்த ஒரு அக்கா, யாருடைய பிள்ளை எங்கே என்ன செய்கிறது என்று விரல்நுனியில் வைத்திருக்கிறவ, குனிந்து மகளின் சப்பாத்தைப் பார்த்தா.

"மகள் வந்திருக்கிறா போல. எங்க ஆளைக் காணேல்லை?"

காய்ச்சல் என்ற சொல் என் நாக்கின் நுனியில் ஆயத்தமாக நின்றது. போன முறைக் கண்ணாடிக் கடைப் பொய்போல இல்லை, இது பிடிபடாது. ஆனால் மகளின் அறை, வாசலிலிருந்து நாலு எட்டில்தான் இருக்கிறது, சொல்வது அவளுக்குக் கேட்கும்.

"இருக்கிறா அக்கா. செபத்துக்கு வரேல்லை. அவவுக்கு இப்ப அதில நம்பிக்கை இல்லையாம்."

யாரோ தொண்டையைச் செருமினார்கள். அக்கா என் முகத்தைப் பார்த்தா, பிறகு கீழே பார்த்தா. காலில் ஏதோ மிதிபட்டிருக்க வேண்டும், குனிந்து ஒரு சோளப்பொரியை எடுத்தா.

"சரி," என்றா. "தொடங்குவம்."

மகிமைத் தேவ இரகசியங்களைச் சொன்னோம். நான் எத்தனை மணி உருட்டினேன் என்று தெரியாது. மற்றவர்களின் முதுகு என்னைப் பார்ப்பதுபோல இருந்தது.

செபம் முடிந்து புறப்படுகிற நேரம்தான் அடுத்த இடைஞ்சல். சுரூபத்தை அது இருந்த வீட்டுக்காரர்தான் தூக்கிக்கொண்டுபோய் அடுத்த வீட்டுக்காரரின் காரில் ஏற்ற வேண்டும், வேறொருவரும் கை வைப்பதில்லை. அதுதான் எங்கள் வழக்கம். கணவர் வேலையில். மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. நான் ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். மற்றப் பக்கம் ஒருவரும் வரவில்லை, வரவும் ஏலாது.

அறைக்கதவு திறந்தது. மகள் ஜக்கெற்றைப் போட்டபடி வந்து, ஒருவரையும் பார்க்காமல் மேசைக்கு மற்றப் பக்கம் நின்று சுரூபத்தின் அடிப்பலகையைப் பிடித்தாள்.

"நான் கீழ்ப்பக்கம் வாறன்," என்றாள். "நீங்க மெல்ல இறங்குங்கோ."

சனம் பாடிக்கொண்டு பின்னால் வந்தது. அவள் பின்பக்கமாக, ஒவ்வொரு படியாகக் காலால் தடவித் தடவி இறங்கினாள். மூன்று மாடியும் நான் நடுங்கிக்கொண்டுதான் வந்தேன். சுரூபம் விழுந்துவிடுமோ, அவள் சறுக்கிவிடுவாளோ, பின்னால் யாராவது ஏதாவது சொல்லி அவள் கையை எடுத்துவிடுவாளோ என்று. ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. காரின் பின் ஆசனத்தில் வைத்து, பட்டியை இழுத்துக் கொழுவியதும் அவள்தான்.

கார்கள் போனபிறகு இரண்டு பேரும் குளிரில் நின்றோம்.

"ஏனம்மா காய்ச்சலெண்டு சொல்லேல்லை?" என்றாள். "நீங்க அப்பிடித்தான் சொல்லுவீங்களெண்டு நான் போர்வையை இழுத்துப் போத்திக்கொண்டு படுத்திருந்தனான். ஆரும் எட்டிப்பாத்தா வருத்தக்காரி மாதிரி இருக்கட்டுமெண்டு."

"சப்பாத்தோடயோ படுத்தனி?" என்று கேட்டேன்.

"சப்பாத்து வாசலிலயெல்லோ இருந்தது."

அவளுடைய ரயில் ஆறு ஐம்பதுக்கு. ஸ்டேஷன்வரை கூட நடந்தேன். மாதா போய்விட்ட வீட்டுக்குத் திரும்பிவந்து, மூலைகளில் மிச்சமாய்க் கிடந்த பொரியைக் கூட்டி அள்ளினேன். பிறகு முழங்காலில் இருந்தேன். அவளைத் திருப்பித் தா என்று கேட்கத்தான் வாய் எடுத்தேன். கேட்கப் பயமாக இருந்தது. கேட்டு, நாள் போய், கிடைக்காவிட்டால் அதற்குப்பிறகு நான் எதைக் கேட்பேன்? ஆனபடியால் பிள்ளை பத்திரமாக வீடு போய்ச் சேர வேண்டும் என்று மட்டும் கேட்டேன்.